எழுத்து மட்டும் முடிந்த கல்யாணம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
06.02.2024

மதிப்புக்குரிய சிவபாலன் அவர்களுக்கு,

இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு எழுதுகிற கடிதத்தை நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. விசாரித்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். விஷயம் அவசரம்.

நான் காலி வீதியில், சட்டத்தரணி அருள்நாயகி அக்காவின் அலுவலகத்தில், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வந்து கொழும்பில் கல்யாணம் கட்டுகிறவர்களின் கடதாசிகள்தான் எங்கள் பிழைப்பு. பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டுப் பிரதி, 'இவர் தனியாள், விவாகம் செய்யத் தடையில்லை' என்று அவரவர் நாடு கொடுக்கிற கடிதம், எல்லாவற்றையும் மொழிபெயர்த்து, முத்திரை குத்திப் பதிவாளருக்கு அனுப்புவோம். போன திங்கட்கிழமை நோர்வேயிலிருந்து ஒரு கோப்பு வந்தது. மணமகள் மரித், நோர்வேக்காரி. மணமகனும் நோர்வேப் பிரசைதான், ஆனால் பிறந்த இடம் கோண்டாவில். பெயரைப் பார்த்தேன், பிறந்த திகதியைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன். தலைமயிர் போனதைத் தவிர வேறு சந்தேகம் இல்லை.

கோப்பின் கடைசியில் நீங்கள் கையெழுத்திட வேண்டிய சத்தியக்கடதாசி இருக்கிறது. 'நான் இதற்கு முன் எவரையும் விவாகம் செய்யவில்லை' என்பது அதன் மூன்றாவது பந்தி. அதை மொழிபெயர்த்து அடியில் என் முத்திரையைக் குத்த என்னால் முடியாது. 1999 ஜூன் பதினோராம் திகதி, ஹம்டன் லேனில், உங்கள் சித்தப்பா வீட்டு ஹோலில், பதிவாளரின் புத்தகத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். அதற்குக் கீழே, மணமகளின் இடத்தில், கையெழுத்துப் போட்டது நான்.

ஏன் தபாலில் எழுதுகிறேன் என்று யோசிப்பீர்கள். கோப்பில் உங்கள் இருவருக்கும் ஒரே மின்னஞ்சல் முகவரி கொடுத்திருக்கிறீர்கள். மரித் இதை நீங்கள் சொல்லித்தான் அறிய வேண்டும், என் கடிதத்தைத் திறந்து அல்ல.

கல்யாணம் ஏப்ரல் பன்னிரண்டு என்று போட்டிருக்கிறது. கெதியாகப் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
யோகேஸ்வரி

பி.கு.: மற்றக் கடதாசிகள் எல்லாம் சரி. மரித்தின் தகப்பனாருடைய தொழில் மட்டும் விடுபட்டிருக்கிறது. பதிவாளர் கட்டாயம் கேட்பார்.


துரொம்சோ,
நோர்வே.
22.02.2024

அன்புள்ள யோகேஸ்வரிக்கு,

உங்கள் கடிதத்தை பஸ் டிப்போவில் நின்றபடியே வாசித்தேன். நான் இங்கே பஸ் ஓட்டுகிறேன். முதல் பத்து வருடம் மீன் வெட்டினேன், பிறகு பஸ்சுக்கு மாறினேன். அன்று என் பஸ் எட்டு நிமிடம் பிந்திப் புறப்பட்டது. இந்த ஊரில் அது பத்திரிகையில் வரக்கூடிய செய்தி.

ஒன்றை மட்டும் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அது எழுத்துத்தானே? நாங்கள் தாலி கட்டவில்லையே. பொன்னுருக்கவில்லை, கூறை எடுக்கவில்லை, கோயிலுக்குப் போகவில்லை. பதிவாளர் ஒரு புத்தகத்தோடு வந்தார், கையெழுத்துப் போட்டோம், மோதிரம் மாற்றினோம், பயற்றம் பணியாரம் சாப்பிட்டோம். நீங்கள் உங்கள் வீட்டுக்குப் போனீர்கள், நான் பதினாறாம் நாள் விமானம் ஏறினேன். அடுத்த வருட ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு. அது நடக்காமல் போனபோது என் அம்மா எல்லோருக்கும் சொன்னது, "அது எழுத்தோட நிண்டு போச்சு" என்றுதான். நானும் அதைத்தான் நம்பினேன். இந்த நாட்டில் இருபத்தைந்து வருடமாக ஒவ்வொரு படிவத்திலும் 'தனியாள்' என்று கூசாமல் அடையாளம் போட்டிருக்கிறேன்.

என்னோடு பஸ் ஓட்டுகிற தர்ஷனிடம் மட்டும் சொன்னேன். "அண்ணை, கோப்பைத் திருப்பி எடுத்து வேற ஆளிட்டக் குடுங்கோ. கொழும்பில மொழிபெயர்க்கிற ஆக்களுக்குப் பஞ்சமே? ஆருக்குத் தெரியப் போகுது?" என்றான். ஒளிக்காமல் சொல்கிறேன், ஒரு நாள் முழுக்க அதை யோசித்தேன். மரித்தின் பக்கத்தில் ஒன்பது பேர் விமான ரிக்கற் எடுத்துவிட்டார்கள்.

அடுத்த நாள் மரித்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இங்கே வீதியில் பனி தள்ளுகிற வண்டி ஓட்டுகிறாள், எதற்கும் எளிதில் அசையாத பெண். முதலில் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "நீ ஏற்கெனவே கல்யாணம் செய்தவன் என்று உன் முதல் மனைவியே கடிதம் போட்டுத்தான் உனக்குத் தெரிய வேண்டியிருக்கிறதா?" என்று கேட்டாள். தர்ஷன் சொன்ன வழியைச் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. பொய்க் கடதாசியில் தான் கல்யாணம் கட்ட மாட்டேன் என்றாள். சரியாக முடியுமென்றால் எத்தனை மாதமும் காத்திருப்பாளாம், முடியாதென்றால் ஒரு நாளும் இல்லையாம்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. இவளை விட்டால் எனக்கு வேறு வாழ்க்கை இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், செய்கிறேன்.

அன்புடன்,
சிவபாலன்

பி.கு.: மரித்தின் தகப்பனார் கலங்கரை விளக்கம் பார்த்தவர். அதற்குத் தமிழில் என்ன போடுவீர்களோ தெரியாது.


வெள்ளவத்தை,
11.03.2024

அன்புள்ள சிவபாலன் அவர்களுக்கு,

மரித் சொன்னதை இரண்டு தரம் வாசித்தேன். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது.

எழுத்துத்தானே என்று கேட்டீர்கள். இந்தக் கேள்வியைக் கேட்ட நாலாவது ஆள் நீங்கள். போன வருடம் கனடாவிலிருந்து வந்த ஒரு பெடியன், "அன்ரி, அது சும்மா எழுத்து" என்று என் மேசைக்கு முன்னால் இருந்தே சொன்னான். இது எங்கள் ஆட்கள் மட்டுமே விடுகிற பிழை. தாலியை நாங்கள் கல்யாணம் என்கிறோம், சட்டத்துக்குத் தாலி என்றால் என்னவென்றே தெரியாது. பதிவாளரின் புத்தகத்தில் மை காய்ந்த நேரத்திலிருந்து நாங்கள் கணவனும் மனைவியும். பயற்றம் பணியாரம் சாப்பிட்டபோதே சம்சாரிகள்.

ஆகவே விவாகரத்து எடுக்க வேண்டும். நாங்கள் இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம் என்று சொன்னால் இங்கே போதாது. ஒருவர் மற்றவரைக் கைவிட்டார் என்று வழக்குப் போட்டு, நீதிபதிக்கு முன்னால் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். ஒரு குற்றவாளி தேவை. அருள்நாயகி அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைக் கேட்டார்: "யோகேஸ், உள்ளதைச் சொல்லும். ஆர் ஆரை விட்டது?"

உங்களைக் கேட்டு எழுதுவதாகச் சொன்னேன்.

ஏப்ரல் நடக்காது. எல்லாம் ஒழுங்காகப் போனாலும் இந்த வருடக் கடைசி ஆகும். முதலில் ஒரு தீர்ப்பு, பிறகு மூன்று மாதம் பொறுத்து இறுதித் தீர்ப்பு. ஒன்பது ரிக்கற்றுக்கும் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள். நோர்வேயில் நீங்கள் கொடுத்த தகவலையும் நீங்களாகவே போய்த் திருத்திவிடுங்கள், அவர்கள் கண்டுபிடிக்கும் வரை இருக்க வேண்டாம்.

அன்புடன்,
யோகேஸ்வரி

பி.கு.: 'வெளிச்சவீட்டுக் காப்பாளர்' என்று போட்டிருக்கிறேன். பதினெட்டு வருடத்தில் நான் மொழிபெயர்த்த தகப்பன்மாரின் தொழில்களில் இதுதான் ஆக வடிவானது.


துரொம்சோ,
02.04.2024

அன்புள்ள யோகேஸ்வரிக்கு,

குற்றவாளியாக என் பெயரைப் போடுங்கள். விமானம் ஏறிப் போனவன் நான்தானே. எந்த நீதிபதியும் நம்புவார்.

இதோடு கடிதத்தை முடித்துத் தபாலில் போடுவதாகத்தான் இருந்தேன். மரித் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள், நோர்வே மொழியில் சொன்னேன். "இது உண்மையா, மரியாதையா?" என்று கேட்டாள். மரியாதை என்று ஒப்புக்கொண்டேன். "அந்தப் பெண் மரியாதை கேட்டு எழுதவில்லையே" என்றாள். ஆகவே இந்த இரண்டாம் தாளை உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். பழைய பழக்கத்தில் 'நீர்' என்றும் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளும்.

உம்மை இங்கே கூப்பிடுவதற்கான படிவத்தை 1999 ஐப்பசியில் அனுப்பினேன். மார்கழியில் திரும்பி வந்தது. எல்லாம் நிரப்பியிருந்தீர், உம்முடைய அந்த அச்சடித்த மாதிரி எழுத்தில். தகப்பன் பெயர், தாய் பெயர், படித்த பள்ளிக்கூடம், ஒரு பிழை இல்லை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்து மட்டும் இல்லை.

மீன் தொழிற்சாலையில் என்னோடு நின்றவர்கள், மறந்திருப்பா, திருப்பி அனுப்பு என்றார்கள். நான் அனுப்பவில்லை. உம்மை நாலே நாலு தரம்தான் பார்த்திருந்தேன், ஆனால் நீர் மறக்கிற ஆள் இல்லை என்று தெரியும். கோபம் வந்தது. ஒரு வரி எழுதி ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் நீர் சொல்லிவிடுவீரோ என்று பயந்து கேட்காமலே விட்டேன். படிவம் அலுமாரியில் கிடந்தது, அம்மாவுக்கு 'சரிவரவில்லை' என்று மட்டும் எழுதினேன். ஆகவே விட்டது நீரா நானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நீர் பதினெட்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறதாக எழுதியிருக்கிறீர். அப்படியென்றால் எழுத்து செல்லும் என்று உமக்குப் பதினெட்டு வருடமாகத் தெரியும். ஏன் ஒரு வார்த்தை எழுதவில்லை? இதை மட்டும் உண்மையில் கோபத்தோடு கேட்கிறேன்.

சிவபாலன்


வெள்ளவத்தை,
21.04.2024

அன்புள்ள சிவபாலன் அவர்களுக்கு,

வருடப்பிறப்பு விடுமுறையில் கொழும்பு காலியாகக் கிடக்கிறது. பக்கத்து வீட்டு ஸமீமா தந்த வட்டிலாப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டு மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். உங்கள் கோபம் நியாயம்.

மறக்கவில்லை. வேண்டுமென்றே போடவில்லை.

உங்களில் ஒரு பிழையும் இல்லை. அப்போது எனக்குக் கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் முதல் வேலை கிடைத்து நாலு மாதம். காலையில் நூறாம் இலக்க பஸ்சில் ஏறிப் போவேன், பின்னேரம் தண்டவாளத்தோடு நடந்து கடலைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். பிறந்ததிலிருந்து ஐந்து வீடு மாறிவிட்டோம், அந்த வருடம்தான் முதல் முறையாக, கதவைப் பூட்டித் திறக்க என் கையில் ஒரு வீட்டுத் திறப்பு இருந்தது. அந்தத் திறப்பைக் கொடுத்துவிட்டு இன்னொரு நாட்டுக்குப் போக எனக்கு மனமில்லை. ஆனால் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். என் அப்பா உங்கள் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். 'மாட்டேன்' என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போடாமல் அனுப்ப மட்டும் தெரிந்தது. நீங்கள் ஏன் என்று கேட்பீர்கள், அப்போது சொல்லலாம் என்று இருந்தேன். நீங்கள் கேட்கவில்லை.

2006 இல் இந்த வேலைக்குப் படிக்கும்போதுதான் எழுத்து செல்லும் என்று அறிந்தேன். உங்கள் விலாசத்தைத் தேடி எடுத்தேன். எழுதினால் ஏன் கையெழுத்து வைக்கவில்லை என்றும் எழுத வேண்டுமே என்று தள்ளிப் போட்டேன். பிறகு அது எனக்கு வசதியாகப் போய்விட்டது, இதைச் சொல்லத்தான் ஆக வெட்கம். தரகர்மார் வந்தால், "எனக்கு ஒரு சட்டச் சிக்கல் இருக்கு" என்பேன், எழும்பிப் போய்விடுவார்கள். உங்களையும் அதே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன் என்று நினைக்கவே இல்லை. நீங்கள் எப்போதோ பிள்ளைகுட்டியோடு இருப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சிக்கலுக்கு எழும்பிப் போகாத ஒரே ஆள் கொட்டாஞ்சேனை ஹியூபேட். முத்திரை வெட்டுகிற கடை வைத்திருக்கிறார், என் முத்திரையும் அவர் வெட்டியதுதான். மனைவி தவறிப் பதினொரு வருடம். மொழிபெயர்ப்பாளரின் முத்திரை பத்து வருடம் தேயாது. இவர் மூன்று மாதத்துக்கு ஒரு தரம், "மிஸ், முத்திரையை ஒருக்காப் பார்ப்பமே?" என்று வருவார். ஆறு வருடத்துக்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்டார். அவரிடமும் அதே சட்டச் சிக்கலைச் சொன்னேன். "சட்டம்தானே மிஸ், தீரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று மாதத்தில் திரும்ப வந்தார்.

சரி, வழக்குக்கு வருகிறேன். நான் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். நீங்கள் என்னைக் கைவிட்டீர்கள் என்று கூண்டில் ஏறி என்னால் சொல்ல முடியாது. வழக்காளி நீங்கள், எதிராளி நான், கைவிட்டவள் நான். நீங்கள் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். அந்தப் படிவம் இன்னும் இருந்தால் கொண்டுவாருங்கள்.

யோகேஸ்வரி


துரொம்சோ,
09.09.2024

அன்புள்ள யோகேஸுக்கு,

கொழும்பிலிருந்து சுகமாக வந்து சேர்ந்தேன். வழக்கைப் பற்றி மரித்திடம் ஒவ்வொரு வசனமாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஓரிடத்தில் மட்டும் மூன்று தரம் சொல்லச் சொன்னாள்.

நான் கூண்டில் நின்று, "படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினா" என்று தமிழில் சொன்னேன். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் பாவம், நல்ல மனிதர். தலை நரைத்த ஒரு பெண் கைகட்டி நிற்பதைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும், சிங்களத்தில் அதைக் கையெழுத்துப் போட மறந்துவிட்டா என்று ஆக்கிவிட்டார். எனக்கு அந்தளவு சிங்களம் விளங்காது. ஆனால் உம்முடைய முகம் விளங்கியது. பிழையான மொழிபெயர்ப்பைக் கேட்டுக்கொண்டு நிற்க உம்மால் முடியவில்லை. கையை உயர்த்தி, சிங்களத்திலேயே, மறக்கவில்லை, வேண்டுமென்றே போடவில்லை என்று சொன்னீராம். அருள்நாயகி அக்கா பிறகு சொன்னார். நீதிபதி உம்மைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், எழுதினார். வழக்கு அந்த இடத்திலேயே முடிந்துபோயிற்று.

இருபத்தைந்து வருடம் முன்னால் நான் கேட்காத கேள்விக்குப் பதில், கடிதத்தில் வந்தது போதாமல், ஒரு நீதிபதிக்கு முன்னால் உம்முடைய வாயாலேயே கிடைத்தது. மனம் லேசாகிவிட்டது, யோகேஸ். கோபம் இல்லை.

வெளியே மழையில் இரண்டு குடையோடு நின்றவர்தான் ஹியூபேட் என்று நீர் அறிமுகம் செய்து வைக்க முன்னமே கண்டுபிடித்துவிட்டேன். நீர் பிரதி எடுக்கப் போன நேரத்தில் சைவக் கடையில் அவரோடு தேநீர் குடித்தேன். வடையை எனக்குத் தள்ளிவிட்டு, "மிஸ்டர் சிவபாலன், நீங்க வந்து ஜெயிச்சது எனக்குப் பெரிய உதவி" என்றார். பிறகு பையிலிருந்து ஒரு கோப்பை எடுத்துக் காட்டினார். அவருடைய பிறப்புச் சான்றிதழ், மனைவியின் இறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, எல்லாம் பிளாஸ்ரிக் உறையில். ஆறு வருடமாகத் தயாராக வைத்திருக்கிறாராம். நான் இதை உமக்குச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். சொல்கிறேன்.

நீர் இனிப் படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பி ஒருவரை ஊகிக்க விடாதீர். வேண்டாமென்றால் வாயைத் திறந்து வேண்டாமென்று சொல்லும். வேண்டுமென்றாலும் அப்படியே.

இறுதித் தீர்ப்பு வந்ததும் அறிவியும். ஜனவரியில் வருகிறோம். பதிவுக்கு முன் நான்கு நாள் கொழும்பில் தங்கியிருக்க வேண்டும் என்று நீர் எழுதியதை மரித் குளிர்ப்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

என்றும் அன்புடன்,
சிவபாலன்

பி.கு.: இதோடு வருவது மரித் பின்னிய கம்பளிக் காலுறை. கொழும்பில் யார் போடுவது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.


வெள்ளவத்தை,
02.02.2025

அன்புள்ள சிவபாலன், அன்புள்ள மரித் இருவருக்கும்,

நீங்கள் இருவரும் பனிக்குள் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். விவாகச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதி இரண்டு இதோடு வைத்திருக்கிறேன். இரண்டிலும் என் முத்திரை இருக்கிறது. முதல் விவாகம் தீர்ப்பின்படி முடிவுற்றது என்ற வரியை இந்த முறை கூசாமல் மொழிபெயர்த்தேன். பதிவாளர் வெளிச்சவீட்டுக் காப்பாளர் என்று சத்தமாக வாசித்தபோது மரித் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். அந்தப் பதிவுக்குப் பிறகு தாலியும் கட்டினீர்களே, நல்லது. இனி உங்கள் அம்மாவின் ஆட்கள் ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது.

கம்பளிக் காலுறையை அலுவலகத்தில் போடுகிறேன். அருள்நாயகி அக்கா ஏசியைப் பதினெட்டில் வைக்கிறவர். ஸமீமா ஒரு சோடி கேட்கிறா.

என் செய்தியும் ஒன்று உண்டு. உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நாலு மாதம் ஒன்றும் செய்யவில்லை. நான் அப்படித்தான். இனிச் சொல்வதற்குச் சட்டச் சிக்கலும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. போன செவ்வாய்க்கிழமை ஹியூபேட் முத்திரை பார்க்க வந்தார். பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு மிஸ்" என்று எழும்பினார். "இருங்கோ" என்றேன். "அந்தக் கோப்பைக் குடுங்கோ, குறை இருக்கோ எண்டு பார்க்கிறன்" என்றேன். அவர் முகம் சிவந்து, நீங்கள் ஆளைக் காட்டிக் கொடுத்துவிட்டீர்கள் என்று உங்களை ஏசினார். கோப்பில் ஒரு குறையும் இல்லை. பத்தொன்பது வருடத்தில் இப்படி ஒரு கோப்பு என் மேசைக்கு வந்ததில்லை.

எனக்குத்தான் பயம் என்றும் சொன்னேன். என் வீட்டுத் திறப்பை விட மனமில்லை என்றும் சொன்னேன். இருபத்தைந்து வருடம் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை ஐம்பது வயதில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் யோசித்துவிட்டு, "திறப்பு உங்களிட்ட இருக்கட்டும் மிஸ். எனக்கு ஒண்டு வெட்டித் தந்தாப் போதும்" என்றார்.

விவாக அறிவித்தல் படிவத்தை நானே நிரப்பினேன். பெயர், வயது, தகப்பன் பெயர், தகப்பனின் தொழில். 'முந்திய நிலை' என்ற இடத்தில் விவாகரத்துப் பெற்றவர் என்று எழுதினேன். பிறகு கடைசிப் பக்கம். 1999 இல் பேனையை என் கையில் தந்தது உங்கள் சித்தப்பா. இந்தப் பேனை என்னுடையது. ஹியூபேட் யன்னலுக்கு வெளியே காலி வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார், என்னைப் பார்த்தால் நான் குழம்பிப் போவேன் என்று.

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அன்புடன்,
யோகேஸ்